0.49 கிராமா, 0.53 கிராமா? குன்னூரில் ஒரு பெல்லட் சோதனை

மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுட ஆரம்பித்து இது மூன்றாவது வருஷம். போன கோடையில் மதிப்பெண் 610ஐ ஒட்டி வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. "அப்பா, பெல்லட்டை மாத்திப் பாக்கலாமா?" என்று கேட்டாள். கடைக்காரர் ஒன்று சொன்னார், கூடச் சுடும் பிள்ளைகள் வேறொன்று சொன்னார்கள். நாமே சுட்டுப் பார்த்துவிடுவோம் என்று நாலு டப்பா பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு, வாங்கிவந்தேன்.

பக்கத்தில் அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகத் துப்பாக்கி மருந்து செய்கிறார்கள். பெரிய ரைஃபிள்காரர்கள் மருந்தின் அளவு, குண்டின் எடை, தோட்டாவின் நீளம் என்று பலதையும் மாற்றிப் பார்க்க வழி உண்டு. ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. அடைத்துவைத்த காற்றுதான் தள்ளுகிறது, அதன் அழுத்தமும் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. நம் கையில் மிஞ்சுவது பெல்லட் ஒன்றுதான்.

இலக்குத் தாளில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. விட்டமுள்ள பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே போதும். அதனால் பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. விலகினால் 10.0. அங்கிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் ஒரு தசமம் கூடும். உச்சம் 10.9, அறுபது குண்டுக்கு 654. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

போட்டி பெல்லட்டுகளில் 0.49 கிராம், 0.53 கிராம் என்ற இரண்டு எடைகள் அதிகம் புழங்குகின்றன. ஒரே 7.5 ஜூல் ஆற்றலில் 0.49 விநாடிக்கு ஏறக்குறைய 175 மீட்டர் வேகத்தில் போகும், 0.53 சுமார் 168. லேசானது குழலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால், விசை இழுத்த பிறகு தோள் அசைகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். கனமானது பத்து மீட்டரில் லேசானதைவிட ஒன்றரை மி.மீ. அளவு கீழே விழும். குறிபார்க்கும் சைட்டைத் திருப்பாமல் எடையை மாற்றிவிட்டு "இந்த பெல்லட் மோசம்" என்று சொல்வது அந்த பெல்லட்டுக்குச் செய்யும் அநியாயம்.

எடையைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது தலை அளவு, அதாவது பெல்லட்டின் முன்பக்க விட்டம். 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். வித்தியாசம் நூறில் ஒரு மி.மீ., தலைமுடியைவிட மெல்லியது. அதைக் குழல் கண்டுபிடிக்குமா என்று சந்தேகப்பட்டேன். கண்டுபிடித்தது.

அரிசி நிரப்பிய துணிப்பைகள் மேல் ரைஃபிளைச் சாய்த்து, டப்பாவுக்குப் பத்துக் குண்டு வீதம் மூன்று குரூப். ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் கூட்டம்தான் குரூப், அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ஒரே டப்பாவை அடுத்தடுத்துச் சுடாமல் சுழற்சியில் சுட்டோம். காலைக் குளிரும் கை அலுப்பும் ஒரே டப்பாவின் தலையில் விழக் கூடாது. டப்பா மாறும்போதெல்லாம் குழல் பழக ஐந்தாறு குண்டு கணக்கில் சேர்க்காமல் சுட்டோம். பிறகு வெர்னியர் அளவுகோலால் குரூப்பின் வெளி விளிம்புகளை அளந்து, அதில் பெல்லட்டின் விட்டமான 4.5 மி.மீ.யைக் கழித்தோம்.

0.53 கிராம், 4.49 தலை கொண்ட டப்பாவின் முதல் ஐந்து குண்டு 1.2 மி.மீ.க்குள் விழுந்தது. மகள் துள்ளிக் குதித்தாள். பத்து முடிந்தபோது 2.1, அடுத்த குரூப் 3.6. அதே எடையில் 4.50 தலை 1.9, 2.2, 2.0 என்று மூன்று முறையும் ஒழுங்காக நின்றது. 0.49 கிராம் மூன்றை ஒட்டி. விலை குறைந்த பயிற்சி டப்பா ஐந்தைத் தாண்டியது. பிராண்டு பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன், உங்கள் குழலில் இந்த வரிசை தலைகீழாகலாம். ஐந்து குண்டை நம்பி முடிவு கட்டாதீர்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஒரே பெல்லட்டில்கூடப் பத்துக் குண்டு குரூப், ஐந்துக் குண்டு குரூப்பைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும். அழகான ஐந்து, பல நேரம் அதிர்ஷ்டம்தான்.

ஒவ்வொரு பெல்லட்டையும் நகைக்கடைத் தராசில் எடைபோட்டுப் பிரிப்பவர்கள் உண்டு. ஒரு சதவீத எடை வித்தியாசம் பத்து மீட்டரில் 0.17 மி.மீ.தான், ஒரு தசமம்கூட ஆகாது. அந்த நேரத்தில் பின்விளிம்பு நசுங்கியவற்றை வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கி எறியலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்பிரிங் ரைஃபிள் சுற்றியுள்ள காற்றையே உள்ளே இழுத்து அழுத்துகிறது. சுமார் 1850 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, வேகமும் குறையும். ஐந்து சதவீதம் குறைந்தாலே அடி கிட்டத்தட்ட 2 மி.மீ. இறங்கிவிடும். இங்கே சைட் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளியில் சுடுகிறவர்கள் அங்கே மறுபடி சைட் பார்க்கத்தான் வேண்டும். காற்றை அடைத்துவைத்த சிலிண்டர் ரைஃபிளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

எங்கள் கணக்கில், 610 சுடும் பிள்ளைக்கு மூன்று மி.மீ. குரூப் தரும் பெல்லட்டிலிருந்து இரண்டு மி.மீ. தருவதற்கு மாறினால் அறுபது குண்டில் இரண்டு மூன்று மதிப்பெண் கூடலாம். 550 சுடுகிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அந்த வீட்டார் மலிவான டப்பாவே வாங்கி, மிச்சக் காசில் இன்னும் ஆயிரம் குண்டு சுடவிடட்டும்.

ஒழுங்காக நின்ற அந்த 4.50 தலையில், அதே லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரானதில், இன்னும் நாலு டப்பா வாங்கிவிட்டோம். லாட் மாறினால் சோதனையும் மறுபடி முதலிலிருந்துதான். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஈயத்தை விடாது. போன வருஷத்து டப்பா ஒன்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, அதை அப்படியே ஒதுக்கிவிட்டேன். இந்த நாலும் சிலிக்கா பொட்டலங்களோடு எவர்சில்வர் சம்படத்தில் இருக்கின்றன. சுட்டு முடித்ததும் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுத் தட்டு.