பத்திரிகையில் செய்தி வந்தபின் சரிசெய்ய வருகிறவர்களிடம் அவசரப்பட்டு ஓடிபி சொல்லாதீர்கள்

எங்கள் தெருவில் பதினோரு வீடுகளுக்கு ஒரே பெட்டியிலிருந்துதான் ஃபைபர் இணைப்பு. ஆறு மாதமாக மழை தூறினாலே மோடத்தில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும், அன்றைக்கு நெட் இருக்காது. புகார் கொடுத்தால் எண் வரும். மறுநாள் யாருமே வராமல் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வரும். நான் மட்டும் பதினான்கு முறை கொடுத்தேன். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டியிருந்ததால் வேறு கம்பெனிக்கு மாறவும் முடியவில்லை.

இத்தனைக்கும் கோளாறு எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் இருந்தது. தெருமுனை ஈபி கம்பத்தில் தொங்கும் அந்தப் பெட்டியின் (ஜாயின்ட் பாக்ஸ்) மூடி உடைந்து, அதன்மேல் பால் கவரைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள்.

தெரிந்த நிருபர் ஒருவர் அந்தப் படத்தோடு நாளிதழில் செய்தி போட்டார். அன்று காலை பத்து மணிக்கே ஏணியோடு இருவரும் ஏரியா மேனேஜரும் வந்துவிட்டார்கள். "பேப்பருக்கெல்லாம் எதுக்கு சார் போனீங்க, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே" என்றார் மேனேஜர். அடுத்த தெருப் பெட்டியிலிருந்து என் வீட்டுக்கு மட்டும் புது வயர் இழுத்தார்கள். சிக்னல் அளவு மைனஸ் 29 காட்டிய மீட்டர் மைனஸ் 20 காட்டியது, அதாவது சிக்னல் நன்றாகிவிட்டது. புகாரை முடித்துவைக்க என் போனுக்கு வந்த ஓடிபியை மேனேஜர் கேட்டார், அந்தச் சந்தோஷத்தில் சொன்னேன். 'சேவை திருப்தி' என்று எழுதிக் கையெழுத்து கேட்டார், போட்டேன். மோடத்தோடு நிற்க வைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் போட்டோவும் கடிதமும் நேராகப் பத்திரிகைக்குப் போயின. 'இணையப் பிரச்சினை தீர்ந்தது' என்று மறுநாளே செய்தி வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து நல்ல மழை. பத்து வீட்டில் நெட் போச்சு. எதிர்வீட்டு அக்காவின் மகள் ஆன்லைனில் டிஎன்பிஎஸ்சி வகுப்பு படிக்கிறாள். அக்கா வாசலில் நின்று, "உங்களுக்கு வருதுல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நிருபரை அழைத்தேன். "தீர்ந்ததுன்னு நாங்களே போட்டுட்டோம் சார், எடிட்டர் மறுபடி எடுக்க மாட்டார்" என்றார்.

அதனால் சொல்கிறேன். பத்திரிகைக்குப் போவதென்றால் தெருவாகப் போங்கள், எல்லோருடைய புகார் எண்களையும் கொடுங்கள். உங்கள் வீட்டை மட்டும் சரிசெய்ய வந்தால், பெட்டியை என்றைக்கு மாற்றுவீர்கள் என்று எழுதி வாங்காமல் ஓடிபியும் கையெழுத்தும் கொடுக்காதீர்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. புகாரைத் தீர்க்கும் கெடு முடிந்த 30 நாளுக்குள் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிட வேண்டும். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 2022-இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்திருக்கிறது.

என் புகார் ஓடிபியோடு முடிந்துவிட்டது. மற்ற பத்து வீட்டுக்காரர்களோ யாருக்கும் ஓடிபி கொடுக்கவில்லை. நேற்று இரவு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பத்து மேல்முறையீட்டையும் அனுப்பினோம், என் வீட்டு வைஃபையில்.