முந்திரி உடைக்கும் ஊரில் ஒரு கைரேகை மெஷின்

காடாம்புலியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர், கடையிலேயே ஆதார் மூலம் பணம் எடுத்துக் கொடுக்க ஆரம்பிக்கலாமா, எந்த ரேகை மெஷின் வாங்கலாம் என்று கேட்டார். பண்ருட்டிப் பக்கம் என் கடையில் இதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

மெஷின் நல்ல மெஷின். பாதுகாப்பு குறைந்த பழைய எல்-0 வகை மெஷினிலிருந்து புதிய எல்-1 வகைக்கு மாறச் சொன்னபோது செலவு வலித்தது. ஆனால் இதில் ரேகை மெஷினுக்குள்ளேயே ரகசியக் குறியீடாக மாறிவிடுவதால் பாதுகாப்பு கூடியிருக்கிறது, வேகமும் பரவாயில்லை. கேபிள் லூசாகி ஒருமுறை மாற்றினேன், வேறு தொந்தரவு இல்லை. கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம். ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு விரல் போதும். உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறியதும் அதை எடுக்க பஸ் ஏறி டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, அன்றைய கூலியை விட வேண்டிய நிலைமை பலருக்கு இல்லாமல் போயிருக்கிறது. இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

என் ஆத்திரமெல்லாம் அந்த ஒரு விரலில்தான். இங்கே நிறையப் பெண்களுக்கு முந்திரிக்கொட்டை உடைப்பதுதான் பிழைப்பு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, கோடே தெரியாமல் வழவழவென்று ஆகிவிடுகிறது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்வேன். அப்புறம் அடுத்த விரல், அடுத்த கை. ஒவ்வொரு தடவையும் 'பொருந்தவில்லை' என்றே வரும். "என் பணந்தானே தம்பி, நாந்தானே வந்து நிக்கிறேன்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பிக்கலாம்தான். உடைக்கிற வேலையை விட முடியாதே, மறுபடி அதே கதைதான்.

இத்தனைக்கும் கருவிழியும் முகமும் ஆதாரில் பதிவாகியே இருக்கின்றன. முகத்தைக் காட்டிப் பணம் எடுக்கும் வசதியைச் சில வங்கிகள் கொடுத்தும் விட்டன. நான் பயன்படுத்தும் செயலியில் அது இல்லை. கேட்கும்போதெல்லாம் 'விரைவில் வரும்' என்கிறார்கள். வயலிலும் ஆலையிலும் உழைத்துத் தேய்ந்த கைகளுக்காகத்தான் இந்தத் திட்டமே என்றால், இந்த வசதி எல்லாக் கடையிலும் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

நெட் பாதியில் போனால் கணக்கில் பணம் கழிந்து, கடைக்குத் தகவல் வராமல் நிற்கும். அந்தப் பணத்தை வங்கி ஐந்து நாளுக்குள் கணக்கில் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019லேயே சொல்லியிருக்கிறது. இதை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் ஒட்டிவிடுங்கள், பதறுகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

சரி, மெஷினுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். ஆனாலும் நண்பரிடம் 'இப்போது வாங்காதீர்கள்' என்றுதான் சொன்னேன். முகத்தை வைத்துப் பணம் தரும் வங்கிக்கு முகவராகச் சேர முடிந்தால் மட்டும் இறங்கட்டும். போன வாரம் ஒரு ஆயாவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறின பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.