குளோ த வூஜோ: புதுச்சேரியில் வாங்கும் முன்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மதில் சூழ்ந்த, சுமார் 50 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இது; இதன் சிவப்பு ஒயினுக்கும் இதே பெயர். 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்க சபையின் துறவிகள் உருவாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலானது. இன்று அதே மதிலுக்குள் ஏறக்குறைய 80 உரிமையாளர்கள், ஆளுக்கொரு துண்டு நிலம். சிக்கலே அங்கேதான். மேல்சரிவில் சுண்ணாம்புக்கல்லும் சரளையும். மழைநீர் வடிந்துவிடும், அங்கே விளையும் பினோ நுவார் என்ற கருந்திராட்சையின் ஒயினில் மணமும் நயமும் கூடும். சாலையை ஒட்டிய அடிப்பகுதியோ கனத்த களிமண். மழை ஆண்டுகளில் ஈரம் தேங்கி, ஒயின் சப்பென்று இறங்கும். லேபிளில் இரண்டுக்குமே ‘கிராண்ட் குரூ’ என்ற உச்சத் தரம்தான்! ஆகவே தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர்க் கடைகளில் ஏசி இல்லாத அலமாரியில் நின்ற பாட்டில் வேண்டாம். வெப்பத்தில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். கழுத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெந்த பழ வாசனைதான் மிஞ்சும்.

பரிமாற 16 டிகிரி போதும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 15 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் மெதுவாகத்தான் குளிரூட்டும். மீன்குழம்போடு வேண்டவே வேண்டாம், மிளகாய்க் காரத்தில் ஆல்கஹால் எரியும். காரமில்லாத வாத்து வறுவலும் காளானும் பொருந்தும்.