மெராக், உராக்கோ, 308 ஜிடி4: மூன்று கார், மூன்று முதலாளிகள்

மசராட்டியின் வரலாற்றை எழுதுபவர்கள் 1914-ல் பொலோன்யாவில் சகோதரர்கள் கடை திறந்ததையும், பந்தய வீரர் ஃபாஞ்சியோ ஓட்டிய கார்களையும் விரிவாகச் சொல்வார்கள். அந்தக் கம்பெனி யார் யார் கைக்கு மாறியது என்று தெரிய வேண்டுமானால் அது செய்த மெராக் காரின் பின்மூடியைத் திறந்தாலே போதும். பக்கத்து ஊர்களில் அதே காலத்தில் பிறந்த லம்போர்கினி உராக்கோவையும், ஃபெராரி கட்டிய டினோ 308 ஜிடி4-ஐயும் அருகில் நிறுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மூன்றுமே நடுவில் எஞ்சின், பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கை, ஏறத்தாழ 3 லிட்டர் என்ற ஒரே கணக்கில் போட்டவை.

1968-ல் மசராட்டியை பிரெஞ்சுக் கார் கம்பெனி சிட்ரோயன் வாங்கியது. சிட்ரோயன் எஸ்எம் காருக்காக மசராட்டியின் பொறியாளர் அல்ஃபியேரி உருவாக்கிய 90 டிகிரி வி6 எஞ்சினை 2,965 சிசிக்குப் பெருக்கி, 1972-ல் மெராக்கில் வைத்தார்கள்: 190 குதிரைத்திறன். உடல் வடிவம் வடிவமைப்பாளர் ஜுஜாரோவுடையது. கியர்பாக்ஸும் எஸ்எம்மிலிருந்து வந்ததுதான். பிரேக், கிளட்ச், முகவிளக்கைத் தூக்கும் வேலை மூன்றையும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சிட்ரோயனின் உயர் அழுத்த ஹைட்ராலிக்ஸ் பார்த்துக்கொண்டது.

இந்த ஹைட்ராலிக்ஸைக் கண்டு பயந்து ஓடுபவர்கள் பலர். அவ்வளவு பயம் தேவையில்லை, புரிந்துகொண்டால் போதும். எஞ்சின் சுழற்றும் பம்ப் அழுத்தத்தை ஏற்றுகிறது; நைட்ரஜன் அடைத்த உருண்டை அதைச் சேமித்து வைக்கிறது. உருண்டைக்குள் இருக்கும் சவ்வு வழியே ஆண்டுகள் போகப்போக வாயு கசியும். அப்போது பம்ப் ஓயாமல் வேலைக்கு வந்து போகும். நின்று பார்த்தால் டிக் டிக்கென்ற சத்தம் அடுத்தடுத்து கேட்கும். எஞ்சின் நின்றுபோனால் பிரேக்குக்குக் கையிருப்பும் இருக்காது. உருண்டையை மாற்றுவது பெரிய வேலை அல்ல. பெரிய செலவு வேறிடத்தில் இருக்கிறது: தெரியாத மெக்கானிக் ஒருவர் பச்சை நிற எல்எச்எம் கனிம எண்ணெய்க்குப் பதிலாகச் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால், ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டு, அமைப்பு முழுவதையும் பிரித்தாக வேண்டும். பிரேக் மிதியும் பழக்கப்பட்ட மாதிரி கீழே இறங்காது, காலின் அழுத்தத்துக்குப் பதில் சொல்லும். முதல் நாள் தலை கண்ணாடியில் மோதப் பார்க்கும்.

எஞ்சினில் பார்க்க வேண்டியது செயின். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்கு முன்னால் இருக்கும் நடுத் தண்டை ஓட்டும் முதன்மைச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது. தளர்ந்த செயின் ஐட்லிங்கில் அடித்துக்கொள்ளும்; கவனிக்காமல் விட்டால் வால்வு திறக்கும் நேரம் (டைமிங்) தப்பும். பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தோடு இல்லாமல் கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருப்பதால், பேட் மாற்றுவதற்குக் கூலி கூடுதல்.

உராக்கோவின் கதை வேறு. 1970 டூரின் கண்காட்சியில் காட்டினார்கள். வாங்கியவர் கைக்குப் போக 2 ஆண்டுக்கு மேலானது. அதற்குள் ஃபெருச்சியோ லம்போர்கினி கம்பெனியின் பெரும்பங்கை விற்றுவிட்டார். லம்போர்கினி பொறியாளர் ஸ்டான்சானியின் வடிவமைப்பு புத்திசாலித்தனமானது: குறுக்கே வைத்த வி8, நான்கு சக்கரத்திலும் மேக்பெர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். முதலில் வந்த பி250 வகையில் 2,463 சிசி, 220 குதிரைத்திறன், பக்கத்துக்கு ஒரே கேம், அதை ஓட்ட டைமிங் பெல்ட். அந்த பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சின் போகும். கம்பெனியே பாடம் கற்று, 1974-ல் வந்த 2,996 சிசி பி300-ல் பக்கத்துக்கு இரண்டு கேமும் செயினும் வைத்தது. ஆகவே உராக்கோ வேண்டுமென்றால் பி300 மட்டுமே. கிடைப்பதுதான் கஷ்டம், சுமார் 200 தான் செய்தார்கள்.

308 ஜிடி4 வந்தது 1973-ல். 1969-லேயே ஃபியட் பாதிப் பங்கை எடுத்திருந்ததால் ஃபெராரிக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை. வழக்கமாக உடல் வரையும் பினின்ஃபரினா நிறுவனத்தை விட்டுவிட்டு பெர்டோனே நிறுவனத்திடம் போனார்கள். அங்கே உராக்கோவை வரைந்த அதே வடிவமைப்பாளர் கந்தீனிதான் இதையும் வரைந்தார். இரண்டையும் பக்கவாட்டில் பாருங்கள், உறவு தெரியும். 2,926 சிசி வி8, நான்கு கேம், நான்கு வெபர் கார்புரேட்டர், ஐரோப்பிய வகையில் 255 குதிரைத்திறன். இதிலும் பெல்ட்தான், ஒன்றல்ல, இரண்டு. ஆனால் எஞ்சினை இறக்காமலே வலது பின்சக்கரத்தின் உட்புறம் வழியாக மாற்றலாம். டென்ஷனர் பேரிங்கையும் அப்போதே மாற்றுவது நல்லது. கிலோமீட்டரை நம்பாதீர்கள், நின்றுகிடந்த வண்டியின் பெல்ட்டும் வயதால் காய்ந்துபோகும். குளிர்ந்த கியர்பாக்ஸ் இரண்டாம் கியரை ஏற்காது. எண்ணெய் சூடாகும்வரை முதலிலிருந்து மூன்றுக்குத் தாவுவதே வழக்கம், பழுது என்று பதற வேண்டாம்.

பின் இருக்கையில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சொல்லத்தக்கது ஜிடி4 ஒன்றே. மெராக்கின் சக்கர இடைவெளி 2,600 மி.மீ., ஜிடி4-க்கு 2,550 தான். ஆனாலும் மெராக்கில் நெடுக்காகக் கிடக்கும் எஞ்சினும் கியர்பாக்ஸும் இடத்தைத் தின்றுவிடும்.

ஓட்டிக்கொண்டே இருக்க ஜிடி4, அழகுக்கு மெராக். ஹைட்ராலிக்ஸ் தெரிந்த சிட்ரோயன் மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் எங்கள் வாக்கும் மெராக்குக்கே. மூன்றிலும் 2 லிட்டர் வகை உண்டு: மெராக் 2000 ஜிடி, உராக்கோ பி200, 208 ஜிடி4. 2,000 சிசிக்கு மேல் போனால் இத்தாலி போட்ட கூடுதல் வரிக்குப் பயந்து செய்தவை. விலை குறைவென்று இழுக்கும், ஏமாறாதீர்கள். 208-ல் 170 குதிரைத்திறன்தான், பெல்ட் மாற்றும் செலவு மட்டும் அதே.