உடம்பு சரியில்லை, விமானம் ஏற முடியாது: டிக்கெட் பணத்தை யாரிடம் கேட்பது?

நாளை மறுநாள் விமானம். இன்று காலை பிள்ளையின் முதுகில் அம்மைக் கொப்புளம். பணத்தைக் கேட்டுப் பார்க்க மூன்று இடங்கள் உண்டு: விமான நிறுவனம், டிக்கெட் எடுக்கும்போது சேர்த்து வாங்கிய ‘ஜீரோ கேன்சலேஷன்’ (ரத்துக் கட்டணத்தை ஈடுகட்டும் கூடுதல் திட்டம்), பயணக் காப்பீடு. மூன்றும் ஒரே வேலையைச் செய்கிற மாதிரிதான் விளம்பரம் இருக்கும். ஆனால் ஒன்று கைவிடுகிற இடத்தில்தான் இன்னொன்று உதவும்.

விமான நிறுவனம்

‘நான்-ரீஃபண்டபிள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் டிக்கெட்டை ரத்துகூடச் செய்வதில்லை. அது வீண் நஷ்டம். 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. விமான நிலையத்துக்குப் போகும் பயனர் கட்டணம் போன்றவற்றைச் சலுகை விலை டிக்கெட்டுக்கும் திருப்பித் தர வேண்டும். விமானத்துக்கே போகாமல் ‘நோ-ஷோ’ ஆனாலும் தர வேண்டும். திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கவும் கூடாது.

கணக்குக்கு ஒரு டிக்கெட்: அடிப்படை 3,200, விமான நிலையக் கட்டணம் 400, பாதுகாப்புக் கட்டணம் 236, ஜிஎஸ்டி 5 சதவீதம் 160, கன்வீனியன்ஸ் ஃபீ 350, மொத்தம் 4,346 ரூபாய். நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 4,000 என்று இருந்தாலும் 3,200-க்கு மேல் பிடிக்க முடியாது. ரத்துக் கட்டணத்துக்கும் அதே விகிதத்தில் ஜிஎஸ்டி உண்டு என்பதால் 160-ம் போய்விடும். கன்வீனியன்ஸ் ஃபீயை மறந்துவிடலாம். மிஞ்சுவது 636. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். நாலு பேர் குடும்பத்துக்கு அது 2,544.

மருத்துவக் காரணம் காட்டி முழுத் தொகையும் கேட்பது வேறு விஷயம். அது பெரும்பாலும் நிறுவனத்தின் மனசு. இங்கே எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம். ஆன்லைனில் ரத்து செய்த அந்த நிமிடமே கட்டணம் கழிந்துவிடும்; அதற்குப் பிறகு கேட்பது கெஞ்சல்தான். ஆகவே ஒரு நாளுக்கு மேல் நேரம் இருந்தால் முதலில் சான்றிதழோடு மின்னஞ்சல், பிறகு ரத்து. சில மணி நேரம்தான் இருக்கிறதென்றால் யோசிக்காமல் ரத்து செய்துவிட வேண்டும். வெப் செக்-இன் செய்திருந்தால் முதலில் அதை நீக்கினால்தான் பல தளங்களில் ரத்துப் பொத்தானே வேலை செய்யும். நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் என்றால் பி.என்.ஆரைப் பிரிக்கச் சொல்லுங்கள். போகும் விமானத்தில் மட்டும் முன்கூட்டியே சொல்லாமல் ஏறாமல் விட்டால், பல நிறுவனங்களில் திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகிவிடும்.

ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டில் இன்னொரு சிக்கல். நிறுவனம் கட்டண விலக்குக்கு ஒப்புக்கொண்டு ‘வெய்வர் கோடு’ (அதற்கான குறியீடு) தருவதற்குள் ஏஜென்ட் அவசரப்பட்டு ரீஃபண்ட் போட்டுவிட்டால் கட்டணம் கழித்த தொகைதான் வரும். அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ‘கோடு வரும்வரை தொடாதீர்கள்’ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ் எங்கே சறுக்குகிறது

‘வைரல் காய்ச்சல், மூன்று நாள் ஓய்வு’ என்று எழுதிய சீட்டு எங்கும் செல்லாது. மருத்துவரின் பதிவு எண், நோயின் பெயர், பரிசோதித்த தேதி (பயணத் தேதிக்கு முன்னதாக), ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விமானப் பயணத்துக்குத் தகுதியில்லை’ என்ற வரி, இவை நான்கும் வேண்டும். நம்மவர்களுக்கே உரிய கோளாறு இனிஷியல். டிக்கெட்டில் பாஸ்போர்ட்படி ‘கதிர்வேல் முத்துசாமி’, மருத்துவமனைச் சீட்டில் ‘எம். கதிர்’ என்றிருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

அம்மை போன்ற தொற்று என்றால் அதை வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ‘நீங்களே ஏற்ற மாட்டீர்கள்’ என்பதைவிட வலுவான வாதம் இல்லை.

ஜீரோ கேன்சலேஷன்

இதன் ஒரே பெரிய குணம், பெரும்பாலும் காரணம் கேட்காது, சான்றிதழும் வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே வாங்கினால்தான் உண்டு. ஆளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருக்கும். பெரிய ஓட்டை நேரம்: சில திட்டங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே மூடிவிடும், நள்ளிரவில் வந்த காய்ச்சலுக்கு அது உதவாது. இன்னொன்று, டிக்கெட் எடுத்த அதே தளத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். அவசரத்தில் விமான நிறுவனத்தின் தளத்துக்குப் போய் ரத்து செய்தவர்கள் இந்தச் சலுகையை இழப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு உள்நாட்டில் பறப்பவர்களுக்கு, மூன்றில் இதுதான் கொடுத்த காசுக்கு மதிப்பு.

பயணக் காப்பீடு

லட்ச ரூபாய் வெளிநாட்டு டிக்கெட் என்றால் பதில் மாறும். ஆனால் பல பாலிசிகள் பயண ரத்துக்குப் பணம் தருவது, பயணியோ நெருங்கிய குடும்பத்தாரோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்தான். வீட்டில் படுத்த காய்ச்சல் கணக்கில் வராது. ஏற்கெனவே இருந்த சர்க்கரை, இதய நோயால் வந்த சிக்கலையும் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். பயணத்துக்கு முந்தின இரவு பாலிசி எடுக்கிற பழக்கமும் இங்கே இடிக்கும்: ரத்துக்கான பாதுகாப்பு பாலிசி எடுத்த பிறகு வந்த நோய்க்குத்தான். டிக்கெட் எடுத்த வாரமே எடுத்தால்தான் அந்தப் பகுதிக்கு அர்த்தம்.

விமான நிறுவனம் தந்தது போக மீதியைத்தான் காப்பீடு தரும். ‘இவ்வளவு திருப்பித் தரப்பட்டது, இவ்வளவு தரப்படாது’ என்று விமான நிறுவனம் தரும் கடிதம் இல்லாமல் கோரிக்கை நகராது. டிஸ்சார்ஜ் சம்மரி, டிக்கெட் ரசீது, கேன்சல்டு செக் ஆகியவையும் வேண்டும்.

பணத்துக்குப் பதில் அடுத்த டிக்கெட்டுக்கு வரவு வைக்கும் ‘கிரெடிட் ஷெல்’லை விமான நிறுவனம் தானாகத் தலையில் கட்ட முடியாது. ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். நோய் பத்து நாளில் தீருமென்றால் தேதி மாற்றம் மலிவு, கட்டண வித்தியாசம் பெரிதாக இல்லாதவரை. வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ (கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்டுப் பயனில்லை, விமானம் பறந்ததே!

திரும்பி வரவேண்டிய கட்டணங்களைக்கூடத் தராவிட்டால் விமானப் பயணிகளின் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளம், பிறகு நுகர்வோர் உதவி எண் 1915. காப்பீடு மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலேயே இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.