மேளக்காரப் பையனுக்கு எந்தத் தொகுப்பு?

வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா மகன் மேளம் அடிப்பவன். சாவு வீடு, அம்மன் கோயில் திருவிழா என்று அவன் செட்டு போகாத தெரு கிடையாது. போன மாதம் நான் மெட்டல் இசை கேட்டுக்கொண்டிருந்தபோது என் ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டியவன், “மாமா, இது ஒரே ஆளா அடிக்கிறான்?” என்று கேட்டான். அப்புறம் என்னை விடவில்லை. எதில் தொடங்குவது என்று கேட்டபோது, பல ஆல்பங்களிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கிப் போட்ட இரண்டு தொகுப்புகள் நினைவுக்கு வந்தன. அமெரிக்க மெட்டல் குழுவான டெத்தின் ‘ஃபேட்’ (1992), பிரிட்டிஷ் மெட்டல் குழுவான நேபாம் டெத்தின் ‘நாய்ஸ் ஃபார் மியூசிக்ஸ் சேக்’ (2003).

‘ஃபேட்’ ஒரே டிஸ்க், பத்துப் பாட்டு. டெத்தை நடத்திய சக் ஷுல்டினர் ஆல்பத்துக்கு ஆல்பம் ஆள் மாற்றியவர் என்பதால் அந்தப் பத்துக்குள்ளேயே மூன்று டிரம்மர்கள். கிறிஸ் ரைஃபர்ட்டும் பில் ஆண்ட்ரூஸும் நேரடியாக இறங்கி அடிப்பவர்கள். ஷான் ரைனர்ட் ஜாஸ் வாசனை உள்ளவர், அடிக்குள் அடி வைப்பார். ஒரு மேளக்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஆனால் வரிசையைக் குலைத்துவிட்டார்கள். 1987 பாட்டு முடிந்த கையோடு 1991 பாட்டு வருகிறது. கை எப்படி வளர்ந்தது என்பது பிடிபடாது. அதோடு தொகுப்பு முதல் நான்கு ஆல்பங்களோடு நின்றுவிடுகிறது. சக் 2001இல் இறப்பதற்குள் இன்னும் மூன்று ஆல்பங்கள் போட்டார். ஜீன் ஹோக்லனும் ரிச்சர்ட் கிறிஸ்டியும் வாசித்தவை அவை. அவர்கள் இல்லாமல் டெத்தின் கதை பாதிக் கதைதான்.

நேபாம் டெத் தொகுப்பில் அந்தக் குறை இல்லை. டிரம்மர் மிக் ஹாரிஸும் இருக்கிறார், அவர் போன பிறகு வந்த டேனி ஹெரேராவும் இருக்கிறார். பிளாஸ்ட் பீட் என்ற பேரை ஊரெல்லாம் பரப்பியவர் ஹாரிஸ். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் காலால் மிதிக்கும் கிக் டிரம்மும் மூச்சு விடாமல் ஓடும் அடி அது. நம்ம மேளத்தில் ஆடுகிறவன் காலுக்கு இடம் விட்டு அடிப்போம், இதில் இடமே கிடையாது. இரண்டு டிஸ்க்கில் முதலாவது போதும். மற்றது அரிய பதிவுகள், சேகரிப்பவர்களுக்கானது.

இரண்டில் ஒன்று என்றால் நேபாம் டெத்தைத்தான் சொல்வேன். ஆனாலும் அவனுக்கு நான் முதலில் போட்டது தொகுப்பே இல்லை. டெத்தின் ‘ஹியூமன்’, 1991. முதல் பாட்டில் ரைனர்ட்டின் டிரம்ஸ் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து மெல்ல மெல்லச் சத்தம் ஏறி வரும். தெருமுனையில் சாவு மேளம் திரும்பும்போது வீட்டுக்குள் இருப்பவனுக்கு எப்படிக் கேட்குமோ, அப்படியே. ‘ஃபேட்’டில் அந்தப் பாட்டு இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

கடற்கரை ஸ்டேஷனில் எண்ணூர்ப் பக்கம் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்து போட்டேன். எட்டுப் பாட்டு, சுமார் 34 நிமிஷம். தண்டையார்பேட்டை தாண்டும்வரை பையன் பேசவில்லை, விரல் மட்டும் தொடையில் ஓடியது. “இந்த ஆளுக்கு வலது கால் வேற, இடது கால் வேற மாமா” என்றான்.

அடுத்து நேபாம் டெத்தின் முதல் ஆல்பம் ‘ஸ்கம்’. 28 பாட்டு, அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான். இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் ஆட்கள் வேறு, ஹாரிஸ் மட்டும் பொது. அதில் ஒரு பாட்டு 1.316 விநாடி. அந்த ஆல்பத்தைத் தாங்கினான் என்றால் நேபாம் டெத் தொகுப்பின் முதல் டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிடுவேன்.