சிவப்பு இறால் என்று ஏமாற்றி 5,200 ரூபாய் பறித்துவிட்டார்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு இறால் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நேற்று ராத்திரி எனக்கு இறால் விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 5,200 ரூபாய் போயே போச்சு.

மீன் வளர்ப்பவர்கள் குழு ஒன்றில்தான் விளம்பரம் பார்த்தேன். செர்ரி இறாலில் உயர்ந்த ரகமான பெயின்டட் ஃபயர் ரெட், ஒன்று 110 ரூபாய். 40 கேட்டேன், பார்சலுக்கு 350 தனி. எடுத்த உடனே பணம் போடவில்லை, வீடியோ காலில் காட்டச் சொன்னேன். அவர் தொட்டியில் கருப்பு மண், பச்சைப் பாசி, மேலே செடிக்கு வைக்கிற ஊதா லைட். ஒவ்வொன்றும் குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. "அண்ணா, நானும் ஆசைக்கு வளர்க்கிறவன்தான், வியாபாரி இல்லை" என்றார். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். அப்போதே 4,750 ரூபாய் அனுப்பினேன்.

விடியற்காலை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பார்சலை வாங்கி வந்து பிரித்தால் 3 செத்துக் கிடந்தன. மிச்சமெல்லாம் கண்ணாடி மாதிரி, அங்கங்கே சிவப்புத் தீற்றல்.

"பயணக் களைப்புண்ணா, ஒரு வாரத்துல கலர் ஏறிடும்." இதில் பாதி உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். அலைச்சலில் இறால் வெளுக்கும், அப்புறம் தேறும். நானும் காத்திருந்தேன். ஏறவில்லை. அடுத்து, "தீவனம் சரியில்லைண்ணா, என்கிட்ட கலர் தீவனம் இருக்கு." சிவப்புக்கான நிறமி இறாலுக்குத் தீனியிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் உண்மை. 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மொத்தம் 5,200. மணலை எடுத்துவிட்டுக் கருப்பு மண்ணும் போட்டேன், வெளிர் மணலில் இறால் வெளிறும் என்பதால். நிறம் கொஞ்சம் அழுத்தமானது, அவ்வளவுதான்.

கடைசியில், "உங்க ஊர் போர் தண்ணிதான் காரணம்" என்றார். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்று தெரிந்துதான் ஆர்ஓ தண்ணீர் கலந்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 220-இல் வைத்திருக்கிறேன். செர்ரி இறாலுக்கு இது தாராளமாகப் போதும்.

போன வாரம் ஒவ்வொன்றாகப் பிடித்து வெள்ளைத் தயிர் டப்பாவில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல ரகத்தில் ஓடு திண்ணென்று மூடியிருக்கும், கால் வரைக்கும் சிவப்பு இறங்கியிருக்கும். இங்கே கால்கள் நூல் மாதிரி நிறமே இல்லாமல் கிடந்தன. பெண் இறால்களில் தலைக்குப் பின்னால் மஞ்சள் முட்டைப்பை ஓட்டின் வழியே அப்படியே தெரிந்தது. 37-இல் 28 ஆண். ஆண்கள் பெரும்பாலும் பெண்களைவிட வெளிறித்தான் இருக்கும், பெண்களைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்.

வந்தபோதே முட்டையோடு இருந்த ஒரு பெண் இறாலின் குஞ்சுகளுக்கு இப்போது ஒரு மாதம் ஆகிறது. பாதிக்கு மேல் பழுப்பு. வேறு வேறு நிறங்களை ஒரே தொட்டியில் கலந்து விட்டால் குஞ்சு இப்படிக் காட்டு நிறத்துக்குத் திரும்பும். களைப்பு, தீவனம், தண்ணீர் எதைச் சரி செய்தாலும் பிறவியில் இல்லாத சிவப்பு வராது. இந்தக் குஞ்சுகளைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டதும்தான் பிளாக்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. வெள்ளை டப்பாவில், பகல் வெளிச்சத்தில் வீடியோ கேளுங்கள். இறாலின் கால்களைப் பாருங்கள். அதே தொட்டியில் பிறந்த குஞ்சுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே போடாதீர்கள், நான் 5,200 ரூபாயைப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.